கேட் இல்லாத பந்தயம்

இன்னிக்கு 2020 ஜூலை 16. இந்தக் கொரோனா மட்டும் வராம இருந்திருந்தா இந்நேரம் நான் கென்யாவுல, நைரோபில கேஐசிசிங்கற மாநாட்டுக் கட்டடத்துக்கு முன்னாடி கூட்டத்துக்குள்ள நின்னு, சஃபாரி ராலிங்கற கார் பந்தயத்துக்கு ஒவ்வொரு காரா கொடி காட்டி அனுப்புறத பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாலு நாள். ஜனவரிலயே ஆபிஸ்ல லீவு எழுதிக் குடுத்து பந்தயம் நடக்குற நைவாஷா ஊர்ல ரூமும் போட்டு வச்சிருந்தேன். மே மாச நடுவுல, சஃபாரி ராலி இந்த வருஷம் கிடையாதுன்னு அறிவிச்சுட்டாங்க.

அன்னிக்கு மனசு தாங்காம அதப்பத்தி ரெண்டு வரி எழுதிப் போட்டேன். ஊர்ல இருக்க ஃப்ரெண்டு ஒருத்தன் "ஜனங்க செத்துக்கிட்டு இருக்கு, உனக்கு கார் பந்தயம் கேக்குதாடா"ன்னு கேட்டான். அவன் மேல கோவம் இல்ல, அவன் தெருவுலயே கொரோனான்னு ரெண்டு வீட்டுக்கு தகரம் அடிச்சு வச்சிருந்தாங்க. போன வாரம் இன்னொருத்தர் அதுக்கு நேர் எதிரா "ஆஸ்திரியாவுல ஃபார்முலா ஒன்னே ஓடிருச்சு, ராலிய மட்டும் எதுக்கு நிறுத்துனாங்க"ன்னு கேட்டார். ரெண்டு பேருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். நிறுத்துனது சரி. ஆனா இது வெறும் கார் பந்தயம் இல்ல.

நான் இங்க வேலைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல எனக்கும் ராலின்னா பணக்காரங்க புழுதி கிளப்புற விளையாட்டுன்னுதான் நெனப்பு. அத மாத்துனது இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல நான் கார் விடுற கராஜ் ஓனர், ஒரு சர்தார்ஜி, அங்கிள்ஜின்னுதான் கூப்பிடுவேன். 1965ல அவருக்குப் பத்து வயசு. அப்பா தோள்ல உக்காந்து ரோட்டோரத்துல பாத்தாராம், ஜோகிந்தர் சிங் அந்தப் பழைய வோல்வோவ ஓட்டிட்டுப் போனத. உள்ளூர் மெக்கானிக் மாதிரி இருந்த ஒரு சர்தாரு பெரிய பெரிய கம்பெனி டீமையெல்லாம் தாண்டி ஜெயிச்சாரு. அதுக்கப்புறம் 1974லயும் 76லயும் மிட்சுபிஷி லான்சர்ல ஜெயிச்சாரு. 22 தடவ ஓட்டுனதுல 19 தடவ கடைசி வரைக்கும் வந்து சேந்திருக்காரு. அங்கிள்ஜிக்கு ஜெயிச்சதவிட இந்த 19தான் பெருசு. ஏன்னா அந்தக் காலத்து சஃபாரில வந்து சேர்றதே ஜெயிச்ச மாதிரி, 1968ல 93 கார் கிளம்பி ஏழே ஏழுதான் திரும்பி வந்துச்சு, மத்ததெல்லாம் சேத்துல மாட்டி, ஆத்துல மாட்டி, அச்சு ஒடஞ்சு நின்னுருச்சு. அஞ்சு தடவ ஜெயிச்ச சேகர் மேத்தா உகாண்டாவுல பொறந்தவரு, இடி அமீன் விரட்டுனப்போ குடும்பத்தோட இங்க வந்தாரு, அடுத்த வருஷமே 1973ல டட்சன்ல சஃபாரிய ஜெயிச்சாரு. இந்த ஊர் ஜனங்களுக்கு இதெல்லாம் வீட்டுக் கதை மாதிரி.

1953ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்காக ஆரம்பிச்சது இது. வெள்ளைக்காரன் ஆரம்பிச்சத இவங்க தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. அப்பல்லாம் ஈஸ்டர் வந்தா சஃபாரி, அவ்ளோதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பொதுரோட்டுல, எதிர்ல பஸ்ஸும் வரும் மாடும் வரும், பெரிய டீமெல்லாம் மேல ஹெலிகாப்டர் விட்டு முன்னாடி என்ன வருதுன்னு பாத்து டிரைவருக்கு சொல்லிக்கிட்டே போகும். 2002ல காலின் மெக்ரே ஃபோர்டு ஃபோக்கஸ்ல ஜெயிச்சதோட உலக ராலி சாம்பியன்ஷிப் பட்டியல்ல இருந்து கென்யாவ எடுத்துட்டாங்க. காசும் இல்ல, அந்த மாதிரி திறந்த ரோட்டுல ஓட்டுறத இனி ஒத்துக்கவும் மாட்டாங்க. 18 வருஷம் கழிச்சு, ரோட்ட மூடி ஓட்டுற புது முறைல திரும்ப வரப்போகுதுன்னு போன செப்டம்பர்ல அறிவிச்சப்போ அங்கிள்ஜி கராஜ்ல எல்லாருக்கும் சமோசா வாங்கிக் குடுத்தாரு.

இப்ப ஃபார்முலா ஒன் விஷயத்துக்கு வர்றேன். அது ஒரு சுவத்துக்குள்ள நடக்குற விளையாட்டு. கேட்ட இழுத்து மூடு, உள்ள வர்றவனுக்கு எல்லாம் டெஸ்ட் எடு, டிவில காட்டு, முடிஞ்சுது. ராலிக்கு எங்க இருக்கு கேட்டு? ஒரு ஸ்டேஜே, அதாவது நேரம் கணக்கு வச்சு ஓட்டுற ஒரு துண்டு ரோடே, இருவது முப்பது கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் புல்வெளியும் மேடும். ரோட்டத்தான் மூட முடியும், ஜனங்கள மூட முடியாது. ஆடு மேய்க்கிற பையன், ஸ்கூல் பிள்ளைங்க, முதுகுல குழந்தையக் கட்டிக்கிட்டு நிக்கிற அம்மா, எல்லாரும் வருவாங்க, யாரும் டிக்கெட் வாங்க மாட்டாங்க, வாங்கவும் வேணாம். உலக சாம்பியன் அவங்க வீட்டு வாசல் வழியா போறான், அவங்க தோள் ஒரசி நின்னு பாப்பாங்க. எனக்கு இந்த விளையாட்டுல பிடிச்சதே அதுதான். இந்த நோய்க்கு வேண்டியதும் அதேதானே. அப்புறம் எப்பிடி நடத்துறது?

அதுவும் போக, டொயோட்டா டீம் இருக்கறது ஃபின்லாந்துல, ஹூண்டாய் ஜெர்மனில, ஃபோர்டு கார ஓட்டுற எம்-ஸ்போர்ட் இங்கிலாந்துல. மார்ச் 25ல இருந்து இங்க வெளிநாட்டு விமானமே கிடையாது, ஆகஸ்ட் 1க்குத்தான் திறக்குறாங்க. மார்ச்ல மெக்ஸிகோ ராலி நடந்துச்சே, எல்லா நாடும் எல்லைய மூட ஆரம்பிச்சதுல ஞாயித்துக்கிழமை ஓட்டத்த விட்டுட்டு சனிக்கிழமையோட முடிச்சு அவசர அவசரமா ஊர் போய்ச் சேந்தாங்க. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் டாக்டர், ஆம்புலன்ஸ், அவசரத்துக்கு ஹெலிகாப்டர்னு நிக்கணும். நாடே ஆஸ்பத்திரில படுக்கை இருக்கான்னு தேடுற நேரத்துல அந்த டாக்டர கூட்டிட்டு வந்து காட்டுல நிக்க வச்சா அது பாவம் இல்லையா?

அதனால நிறுத்துனவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா "ஒரு பந்தயம்தானே போச்சு"ன்னு சொல்றவங்க ஒரு தடவ நைவாஷா வந்து பாக்கணும். கொரோனாவுக்காக மூடி வச்சிருந்த நைரோபி எல்லைய போன வாரம் திறந்து விட்டதும் ரூம் அட்வான்ஸ் விஷயமா நான் போனேன். அந்த ஊரு பூவ நம்பி இருக்குற ஊரு, ஏரிய சுத்தி ரோஜாப் பண்ணைங்க. மார்ச்ல ஐரோப்பா மூடுனதும் வாங்க ஆள் இல்லாம பூவ டன் கணக்குல குப்பைல கொட்டுனாங்க, வேலையாள வீட்டுக்கு அனுப்புனாங்க. ஏரித் தண்ணி வேற இந்த வருஷம் ஏறி வந்து கரையோர வீட்டுக்குள்ள புகுந்திருக்கு. இதுக்கு நடுவுல ராலியாவது வரும்னு இருந்தாங்க. நான் ரூம் போட்ட லாட்ஜ்ல அந்தம்மா ராலிக்குன்னே கடன் வாங்கி ஆறு ரூம் புதுசா கட்டிருக்காங்க, கட்டில்ல மெத்தை பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம அப்பிடியே கெடக்கு. அட்வான்ஸ திருப்பித் தரேன்னு அவங்களே சொன்னாங்க. எனக்கு வாங்க மனசு வரல, அடுத்த வருஷத்துக்கு எழுதிக்கோங்க அக்கான்னுட்டு வந்துட்டேன்.

2021ல கென்யாவுக்கு எடம் உண்டுன்னு சொல்லிருக்காங்க. எனக்கு இருக்குற பயம் ஒண்ணுதான். நோயக் காட்டி வேலி போட ஆரம்பிச்சு, அதுவே பழக்கமாகி, நோய் போனப்புறமும் வேலிய எடுக்காம டிக்கெட்டு விஐபி டென்ட்டுன்னு ஆக்கிடக் கூடாது. அடுத்த வருஷமும் நோய் இருந்தா கூட்டத்த தடுக்கட்டும், நானே வீட்ல உக்காந்து டிவில பாக்குறேன். ஆனா அந்தப் பையன் ஆட்ட ஓரமா கட்டிப் போட்டுட்டு ஓசில பாக்குற உரிமைய அவன்கிட்ட இருந்து புடுங்கிடாதீங்க.

சாயங்காலம் கராஜுக்குப் போனேன். அங்கிள்ஜியோட அண்ணன் பையன் ராலில ஓட்டுறதுக்காக அஞ்சு மாசமா ரெடி பண்ண கார் மூலைல தார்ப்பாய்க்கு அடில நிக்குது, சக்கரத்த கழட்டி கட்டைல ஏத்தி வச்சிருக்காங்க. பக்கத்துல சுவத்துல சாஞ்சு நிக்குது சம்ப் கார்டு, எஞ்சினுக்கு அடில கல்லு அடிக்காம தடுக்குற தகடு, ஒரு கல்லு கூட படாம பளபளன்னு. அங்கிள்ஜி அதப்பத்தி ஒண்ணும் பேசல. பழைய பனியன் துணிய எண்ணெய்ல முக்கி போல்ட்டு ஒவ்வொண்ணா துடைச்சு டப்பாவுல போட்டுக்கிட்டு இருந்தாரு. இந்த மழைக்கும் குளிருக்கும் துரு ஏறிடும், மாசம் ஒரு தடவ இப்பிடி துடைக்கணும்னாரு. நானும் ஒரு துணிய எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காந்தேன், ஒம்போது மணி கர்ஃப்யூவுக்கு முன்னாடி பாதி டப்பா முடிச்சோம்.