கெண்டைக்கால் பிடிப்பும் மெக்னீசியம் மாத்திரையும்: ஒரு திருத்தம்

இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது மெக்னீசியம் குறைவுக்கு உறுதியான அடையாளம் என்றும், நாள்தோறும் ஒரு மாத்திரை போட்டால் தீர்ந்துவிடும் என்றும், எவரும் அதை அஞ்சாமல் எடுக்கலாம் என்றும் ஒரு பதிவில் கூறப்பட்டுள்ளது. இது சரியன்று. வயதானவர்களில் பெரும்பாலோருக்கு இத்தகைய பிடிப்பின் காரணம் புலப்படுவதே இல்லை. 11 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல், மருத்துவ ஆய்வுகளை ஒப்பிட்டு ஆராயும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, முதியோருக்கு மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை என்றே முடிவு செய்தது; கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கோ, அதில் சேர்க்கத்தக்க ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மாத்திரை தொடங்கியபின் வலி குறைந்ததாகப் பலர் சொல்வது பொய்யன்று. ஆனால் இப்பிடிப்பு சில வாரங்கள் அடிக்கடி வந்து, பின்னர் தானாகவே தணியும் இயல்புடையது என்பதால், தணிந்ததற்கு மாத்திரைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது, அப்பதிவிலுள்ள 'எவரும் அஞ்சாமல் எடுக்கலாம்' என்ற வரி. வயிற்றுப்போக்கு இதன் பொதுவான பக்கவிளைவு. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கோ மெக்னீசியம் வெளியேறாமல் இரத்தத்தில் சேர்ந்து, இரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும். நீரிழிவு நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதே தெரியாது என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தப் பரிசோதனையில் பாராமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பிடிப்பு வந்தவுடன் முழங்காலை நீட்டி, பாதவிரல்களை முகத்தை நோக்கி மெல்ல இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அடிக்கடி வருமானால், சிறுநீர் பெருக்கி மாத்திரை போன்று நீங்கள் ஏற்கெனவே உட்கொள்பவற்றின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.