கல்லாவில் கை வைத்தால் 7 வருஷம், கூலியில் கை வைத்தால்?

ஒரு ஜவுளிக்கடை ஊழியர் கல்லாவிலிருந்து 8,000 ரூபாய் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியின் பொருளை வேலைக்காரர் திருடினால், இ.பி.கோ.வுக்குப் (இந்தியத் தண்டனைச் சட்டம்) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. சாதாரணத் திருட்டுக்கு 303-ல் 3 ஆண்டுதான். 5,000-க்குக் குறைந்த முதல் திருட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை போதும் என்ற புதுச் சலுகையும் 303-ல் மட்டுமே. 306-ல் அது கிடையாது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இ.பி.கோ. 381-க்கு நம்பரை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இப்போது அதே கடை முதலாளி 20 பேருக்கு ஆளுக்கு 8,000 சம்பளத்தைக் கொடுக்காமல் அமுக்குகிறார். மொத்தம் 1,60,000. ஸ்டேஷனுக்குப் போனால், "இது சிவில் மேட்டர், லேபர் ஆபீஸுக்குப் போங்க" என்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி முதல் தடவைக்கு அபராதம் மட்டும்தான், உச்சவரம்பு 50,000. அதில் பாதியைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி உண்டு.   ஐந்து வருஷத்துக்குள் மறுபடி செய்தால்தான் சிறை என்ற பேச்சே வரும், அதுவும் 3 மாதம் வரைதான்.

306 ஜாமீனில் விட முடியாத குற்றம். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும் ஷ்யூரிட்டி போட ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் நிறைய. 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள்தான். வெளியே வந்தாலும் ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதல் தட்டு அந்த வீட்டுக் கதவில். பிறகு வேலை யார் கொடுப்பார்கள்? "ஓல்டு அக்யூஸ்ட்" உருவாவது பாதி இப்படித்தான்.

இந்தப் பழக்கத்துக்கு வயசு அதிகம். கைரேகைச் சட்டம் (குற்றப் பரம்பரைச் சட்டம்) சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாக்கி இரவில் காவலில் படுக்க வைத்தது. எதிர்த்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். அடுத்த வருஷமே, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கு என்று 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்போ திருடினா விட்டுடலாமா?" என்று கமென்ட் வரும். விட வேண்டாம். 303 போதும், 306 எதற்கு? வேண்டுமென்றே கூலியை அமுக்குவதையும் திருட்டாகவே வையுங்கள் என்கிறேன்.

அதுவரை, சம்பளப் பாக்கி உள்ளவர்களுக்கு: கோரிக்கை மனு போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம். சம்பளம் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வழக்கு தோற்பது வேறு இடத்தில்: அங்கே வேலை பார்த்ததற்கே காகிதம் இருக்காது. அதனால் ஜிபே வரவு, வாட்ஸ்அப் குழுவில் வந்த ஷிஃப்ட் மெசேஜ், ஐடி கார்டு போட்டோ எதையும் அழிக்காதீர்கள். வேலையை விட்டதும் குழுவிலிருந்து நீக்குவார்கள், அதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.