எம்பிரஸ் ஓட்டைக் கப்பல் இல்லை

போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், காங்கேசன்துறைக்கு வந்துபோன 'எம்பிரஸ்' என்ற, கோர்டேலியா என்ற இந்தியக் கம்பனியின் உல்லாசக் கப்பலைப் பற்றிக் கதை வந்தது. "அது வெள்ளைக்காரன் கழிச்சுவிட்ட ஓட்டைக் கப்பல் தம்பி, பேரை மாத்தி எங்கட ஆக்களுக்குக் காட்டுறாங்கள்" என்றார் பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வயதில் மூத்தவர், நல்ல காரியம் நடக்கிற இடம். பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். சொல்ல இருந்ததை இங்கே சொல்கிறேன்.

அந்தக் கப்பலுக்குப் பெயர் வைத்தது, அது நீரில் இறங்குவதற்கு முன்னமே. அட்மிரல் குறூசஸ் என்ற கம்பனி 'பியூச்சர் சீஸ்' என்ற பெயரில் கட்டக் கொடுத்தது. 1988இல் அந்தக் கம்பனி றோயல் கரிபியன் என்ற பெரிய உல்லாசக் கப்பல் கம்பனியோடு சேர, கப்பல் 1990இல் பிரான்சின் சென் நசேர் தளத்திலிருந்து 'நோர்டிக் எம்பிரஸ்' ஆக வெளியே வந்தது. மியாமியிலிருந்து பஹாமாசுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணம் போவதற்கென்றே வடிவமைத்த கப்பல். 2004இல் 'எம்பிரஸ் ஒவ் த சீஸ்'. 2008இல் ஸ்பெயினின் புல்மன்டூர் கம்பனிக்குப் போய் வெறும் 'எம்பிரஸ்'. 2016இல் பழைய வீடான றோயல் கரிபியனுக்கே திரும்பிப் பழைய பெயரையும் எடுத்துக்கொண்டது. அடுத்த வருசம் ஹவானாவுக்கு ஓடத் தொடங்கியது. 2019இல் அமெரிக்கா கியூபப் பயணங்களைத் தடுக்கும்வரை அந்த ஓட்டம் இருந்தது. 2020 கடைசியில் கொரோனாவுக்குள் விலைப்பட்டு, 2021இல் மும்பாயில் கோர்டேலியாவின் 'எம்பிரஸ்'.

2016இல் திரும்பி வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2020இல் புல்மன்டூர் விழுந்தபோது அதன் மொனார்க், சொவரின் என்ற இரண்டு கப்பல்களும் துருக்கியின் அலியாகாவில் உடைபடப் போயின. அதே 1990இல் இத்தாலியில் 'கிறவுண் பிரின்சஸ்' என்று பிறந்து, ஐந்தாறு பெயர் கடந்து 2019இல் மும்பாய்க்கு 'கர்ணிகா'வாக வந்த கப்பலும் அடுத்த வருசமே குஜராத்தின் அலங் கரையில் இரும்பாகப் போனது. எம்பிரஸ் தப்பியது. முப்பது வருசம் உப்புத் தண்ணீரில் நின்ற இயந்திரத்தை ஒவ்வொரு கம்பனியும் ட்ரை டொக்கில், அதாவது தண்ணீர் வற்றவிட்டுத் திருத்துகிற தளத்தில், ஏற்றித் திருத்தி ஓட்டியிருக்கிறது. ஓட்டைக் கப்பல் என்று சிரித்தால் அந்தத் தொழிலாளர்களின் கையைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

எனக்கு இது ஏன் இவ்வளவு படுகிறது என்றால், 98இல் நாங்கள் காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறித்தான் திருகோணமலைக்கு வந்தோம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி யுத்தத்தால் பூட்டியிருந்த காலம். பயணம் போக அனுமதிப் பாஸ் கிடைக்க நாள்கணக்கில் அலைந்து, சாமானெல்லாம் அவிழ்த்துக் காட்டி, இரவு முழுக்க சத்தி எடுத்தபடி வந்த பயணம். அந்தக் கப்பல் எங்கே கட்டியது, முன்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தோம்? 2023 யூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று எம்பிரஸ் வந்தபோது படத்தை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கப்பலை விட்டுவிட்டுப் பின்னால் தெரிந்த கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

அப்போது நான் பார்த்த செய்திகளில் 'இந்திய உல்லாசக் கப்பல்' என்று மட்டும்தான் இருந்தது. அதுதான் என் குறை. பழசு என்பதில் வெட்கமில்லை, பழைய பெயர்களைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை. சொல்லாமல் விட்டால்தான் "பேரை மாத்திக் காட்டுறாங்கள்" என்ற பேச்சு வரும். பெயர் மாறினாலும் கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண் மாறாது. ஏழு இலக்கம், கட்டும்போது கிடைப்பது, உடைக்கும்வரை கூடவே இருக்கும், கப்பலின் வெளியிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். அதைத் தட்டித் தேடினால் பெயர்கள் வரிசையாக வந்துவிடும். ஒரு நிருபருக்கு அரைமணி நேர வேலை.

அடுத்த முறை எங்கள் எந்தத் துறைமுகத்துக்கு இது வந்தாலும், தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: பியூச்சர் சீஸ், நோர்டிக் எம்பிரஸ், எம்பிரஸ் ஒவ் த சீஸ், எம்பிரஸ் என்று எல்லாப் பெயரையும் ஆண்டோடு. அந்த ஐயாவுக்கு நானே வெட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.