சாந்து தோற்க வேண்டும்

எங்கள் ஊர்ப் பழைய தாலுகா கச்சேரிக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்ததும் மனசு குளிர்ந்துதான் போனது. நூறு வருஷத்துக்கு மேலான செங்கல் கட்டடம். இடித்துத் தள்ளாமல் சரி செய்கிறார்களே என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஒரு பையன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, செங்கல்லுக்கு இடையிலிருந்த சந்துகளைக் கட்டிங் மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தான். கீழே தகரத்தில் சிமெண்ட் கலவை தயாராக இருந்தது.

ஒப்பந்த வேலைகளில் சைட் இன்ஜினியராக முப்பது வருஷம் ஓட்டியவன் நான். ஆனால் இந்த விஷயத்தில் பேச எனக்கு இருக்கும் பெரிய தகுதி, இதே தப்பை நானே செய்திருக்கிறேன் என்பதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், வேறொரு ஊரில், இதே மாதிரி ஓர் அரசுக் கட்டடம். பூச்சு இல்லாத செங்கல் முகப்பு. சந்துகளில் சாந்து உதிர்ந்து சில இடங்களில் விரலே நுழையும். எஸ்டிமேட்டில் ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் கலவையில் பாயிண்டிங், அதாவது சந்து அடைப்பு, என்று போட்டிருந்தது. போட்டோம். முடித்த அன்று கட்டடம் முகச்சவரம் செய்துகொண்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், பில்லும் பாஸ் ஆனது.

ஏழெட்டு மழைக்காலம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். நாங்கள் போட்ட சிமெண்ட் கோடுகள் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே நின்றன. கோடுகளுக்கு நடுவே இருந்த செங்கல்தான் இல்லை. பொரிந்து, உள்வாங்கி, தேன் எடுத்த அடை மாதிரி சுவர் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது. வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, நான் யாரென்று தெரியாமலே சொன்னார்: “தெனம் ஒரு மொறம் செங்கப்பொடி அள்றேன் சார்.”

நூறு வருஷம் வெயிலும் மழையும் செய்யாததை நாங்கள் ஒரு மாத வேலையில் செய்து முடித்திருந்தோம்.

காரணம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. பழைய செங்கல் சுவர் தண்ணீர் குடிக்கும், பிறகு அதை ஆவியாக வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் அதிகம். அதனால் ஈரம் பெரும்பாலும் சந்து வழியாக வெளியேறும். ஈரத்தோடு கரைந்து வரும் உப்பும் சந்திலேயே படிந்து, சாந்தைத்தான் அரிக்கும். சாந்து உதிரும், செங்கல் பிழைக்கும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாந்து வைத்தால் சுவர் இன்னொரு தலைமுறை நிற்கும். சிமெண்டை வைத்து அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, முகத்தையே தள்ளிவிடும். போதாக்குறைக்கு வெயிலில் சுவர் விரியும்போது சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. செங்கல்லின் ஓரங்கள் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டு, மோட்டாரையே கருகவிட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சாந்துதான் சுவரின் ஃபியூஸ். அது தோற்க வேண்டும்.

சிமெண்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. என் வீடும் சிமெண்டில் கட்டியதுதான். அதன் இடம் வேறு. நம் நாட்டில் போர்ட்லண்ட் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சியே 1904-இல் சென்னையில்தான் தொடங்கியது. நிலைத்த உற்பத்தி வந்தது 1914 வாக்கில், போர்பந்தரில். அதாவது 1892-இல் திறந்த உயர் நீதிமன்றமும், 1908-இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையமும், 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையும் சுண்ணாம்புக் காலத்துப் பிள்ளைகள். அதே காலத்தில் கட்டிய தாலுகா கச்சேரிகள், முன்சீப் கோர்ட்டுகள், சப்-ஜெயில்கள், ஆஸ்பத்திரி வார்டுகள் எல்லாம் அதே குடும்பம். பெரிய அண்ணன்களுக்காவது கட்டுரை எழுதவும் வழக்குப் போடவும் ஆள் இருக்கிறது. தாலுகா கச்சேரிக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? முதலில் கரணையைக் கையில் எடுக்கவே கூடாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பத்துக்கு ஒன்பது கட்டடங்களில் மழைநீர்க் குழாய் உடைந்திருக்கும், அல்லது மொட்டைமாடியில் அதன் வாய் சருகால் அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று செழிப்பாக வளர்ந்திருக்கும். (அதைப் பிடித்து இழுக்காதீர்கள், நாலு செங்கல்லும் கூடவே வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடித்த பிறகுதான் எடுக்க வேண்டும்.) அப்புறம் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன கட்டடத்துக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். அடிப்பீடம் மண்ணுக்குள் போய்விட்டால் சுவரில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறாமல் என்ன செய்யும்? இதையெல்லாம் விட்டுவிட்டுச் சந்து அடைப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி.

அடுத்தது சுரண்டுவது. மெல்லிய உளியும் சின்னச் சுத்தியும் போதும். சந்தின் அகலத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழத்துக்கு, உதிரியாக இருக்கும் பழைய சாந்தை எடுக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் சந்து என்றால் இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர். மேலோட்டமாகச் சீவிவிட்டுப் பூசினால் அடுத்த ஆடிக்காற்றில் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வரும். கட்டிங் மெஷினை நான் எதிர்ப்பது அதன் வேகத்துக்காக அல்ல. கை ஓர் இம்மி நழுவினால் செங்கல்லின் ஓரம் போச்சு. சூளையில் வெந்தபோது செங்கல்லின் மேல் உருவான கெட்டித்தோல்தான் அதன் கவசம். அது ஒருமுறை போனால் திரும்ப வராது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் இதே கொலைதான், பார்க்க மட்டும் அழகாக இருக்கும்.

பிறகு சாந்து. பழைய சாந்தில் ஒரு கட்டியை எடுத்து நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு பொங்கிக் கரைந்துவிடும். மணலும், சுர்க்கி எனும் செங்கல்பொடி கலந்திருந்தால் அதுவும் அடியில் தங்கும். எந்த மணல், எவ்வளவு பருமன், ஏறக்குறைய என்ன விகிதம் என்று அந்தக் கட்டியே சொல்லிவிடும். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் சுமார் மூன்று பங்கு. ஈரமான இடமென்றால் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுர்க்கி. சந்தை முதலில் தண்ணீரால் நனைத்து, சாந்தை உள்ளே அழுத்தி, செங்கல் முகத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்த வேண்டும். பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுக்க வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சாரத்துக்குக் கீழே இருந்த வயதான மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஏன் மேஸ்திரி, இது சுண்ணாம்புக் கட்டடம் ஆச்சே?”

“தெரியும் சார். எங்கப்பா மாட்டைக் கட்டிச் செக்குல சாந்து அரைச்சவரு. நானும் மிதிச்சிருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கலவை?”

“அரைச்சா ரேட்டு கட்டாது சார். மார்ச்சுக்குள்ள முடிச்சுக் கொடுக்கணுமாம்.”

அவரிடம் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்-புக்கில் நீளம், அகலம், பரப்பு எழுத இடம் உண்டு, சாக்கு நனைத்த நாட்களை எழுத இடம் இல்லை. குறைந்த தொகை போட்டவருக்கு டெண்டர். நிதியாண்டு முடிவதற்குள் பில். அதனால் கட்டடத்துக்கு எந்தப் பருவம் ஆகாதோ, அந்த வெயில் பருவத்தில்தான் அவசர அவசரமாக வேலை நடக்கிறது. அறிவு மேஸ்திரியின் கையில் இருக்கிறது, எஸ்டிமேட்டில் இல்லை. கொத்தனார்களுக்குப் பழைய வேலை மறந்துவிட்டது என்று கூட்டங்களில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. மறந்தது அவர்கள் இல்லை, அந்த வேலைக்குக் காசு கொடுப்பதை நாம்தான் நிறுத்தினோம்.

இன்னொரு கூட்டத்திடமும் எனக்குச் சண்டை உண்டு. ‘கடுக்காய், கருப்பட்டி, முட்டை... நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள். கடுக்காயும் வெல்லமும் சாந்தில் சேர்த்தது உண்மை, அதற்குப் பயனும் உண்டு. ஆனால் முட்டை வெள்ளைக்கரு வழவழப்பான மேல்பூச்சுக்குப் போனது, சந்துக்கு இல்லை. சுண்ணாம்பை ஒழுங்காக நீற்றாமல், மணலைக் கழுவாமல், மூட்டை கருப்பட்டி கொட்டினாலும் எறும்புதான் வரும்.

முடியாத காரியமும் இல்லை. 2012 ஜனவரியில் தீயில் கூரை போன சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறையே சுண்ணாம்புச் சாந்து கொண்டு மீட்டது. இன்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் நடக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே அந்தத் துறையில் தனிப் பிரிவும் இருக்கிறது. சென்னையில் அரண்மனைக்குத் தெரிந்த சுண்ணாம்பு, எங்கள் ஊர்க் கச்சேரிக்கு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது? செலவு அதிகம் என்பார்கள். ஒருமுறைக்கு அதிகம்தான். நாங்கள் சிமெண்ட் வைத்த கட்டடத்தில் பொரிந்த செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து மாற்ற ஆகும் செலவை யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாயிண்டிங் முடிந்ததும் என்ன திட்டம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். முழுக்கக் காவிப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் வெள்ளையில் கோடு இழுக்கப் போகிறார்களாம். செங்கல் சுவரின் மேல் செங்கல் சுவர் படம்! சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். சுவர் மூச்சுவிட மிச்சமிருக்கும் துளைகளும் அந்தப் பெயிண்டில் அடைபடும் என்பது இருவருக்கும் தெரியும்.

மேற்குப் பக்கச் சுவரை இன்னும் தொடவில்லை. அதை மட்டுமாவது நிறுத்தி வைக்கச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கேட்கப்போவது மூன்றே விஷயம்: மெஷின் வேண்டாம், மழைநீர்க் குழாயை முதலில் சரிசெய்யுங்கள், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டும் சுண்ணாம்பில் மாதிரி போட்டு ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். மாதிரி போட அந்த மேஸ்திரி சம்மதித்துவிட்டார். கூலி என் பென்ஷனிலிருந்து. அந்தப் பையன் அறுத்தபோது தெறித்து விழுந்த செங்கல் சில்லு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், மனுவோடு அதையும் மேஜையில் வைக்கப் போகிறேன். ஊர்க்காரர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு வாங்க.