சேவைக்கு வந்தவர் செலவுக் கணக்குக் கேட்கலாமா?

"சேவைன்னு வந்துட்டு காசு கேக்கலாமா?" தன்னார்வ வேலை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கவனித்துப் பாருங்கள், சொல்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குபவராக இருப்பார்.

செலவு வேறு, ஊதியம் வேறு. ஏரி சுத்தம் செய்ய வருகிற பையன் போட்ட பெட்ரோல், மாலை வகுப்பெடுக்கிற பெண் வாங்கிய சார்ட் பேப்பர், போன் ரீசார்ஜ் எல்லாம் அமைப்பு அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். இதில் தயவு, தாட்சண்யம் எதுவும் கிடையாது. "கேட்டா குடுத்துடுவோம்" என்கிறார்கள். யார் கேட்பார்கள்? நாற்பது ரூபாய் ஷேர் ஆட்டோ காசை நான்கு பேர் முன்னால் கேட்கக் கூசும். கேட்காமல் இரண்டு மாதம் வருவார், அப்புறம் "வீட்டுல வேலை" என்று நின்றுவிடுவார். கடைசியில் கையில் காசு இருப்பவர்கள் மட்டும்தான் குழுவில் மிஞ்சுவார்கள். அதனால் கேட்காமலே எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். வேண்டாதவர் திருப்பிக் கொடுக்கட்டும்.

ஊதியம்தான் சிக்கலான இடம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 273 ரூபாய். அதாவது ஒரு மாதம் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதற்கு, நான்கு நாள் மண்வெட்டிக் கூலிகூட இல்லை. பகுதிநேரம்தானே என்பார்கள். சரி. ஆனால் ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் நாலரைக்கே கிளம்ப வேண்டும். அந்தப் பொழுதில் வேறு எந்த வேலைக்கும் போக முடியாது.

அதே 2021இல் ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய். அந்தத் திட்டம் 2024இல் ஐ.நா. விருது வாங்கியது. எனக்கும் பெருமைதான். ஆனால் விருது வாங்குகிற அளவுக்கு முறையாக நடக்கிற வேலையை இன்னும் தன்னார்வம் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: "இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டில் இருக்க முடியுமா? முடிந்தால் அது தன்னார்வம். ஏன் வரவில்லை, டார்கெட் என்ன ஆச்சு என்று போன் வந்தால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. மதிப்பூதியம் என்று பெயர் வைத்துக் கடந்துபோக முடியாது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவர்கள் வாங்குவது மதிப்பூதியம்தான் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

காசு வந்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்ற பயத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ரத்த தானம் இருக்கிறது. காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998இல் இருந்து இந்தியாவில் கூடாது, அது சரியும்கூட. காசுக்காக நோயை மறைத்துக் கொடுத்தால் ஆபத்து வாங்குகிறவருக்கு. ஆனால் அங்கேயும் ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்துத்தான் அனுப்புகிறார்கள். யாரும் மாதா மாதம் வரச் சொல்லி வருகைப் பதிவேடு போடுவதில்லை.

சின்ன அமைப்புகளிடம் பணம் இல்லை என்பதும் உண்மைதான். அப்படியானால் பேனர், மேடை, சால்வை, நினைவுப் பரிசு இவற்றுக்கு எங்கிருந்து வருகிறது? அடுத்த முறை நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது இதைத்தான்: உங்கள் பட்ஜெட்டில் தன்னார்வலர் போக்குவரத்து என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் என் பணத்தை முதலில் அதில் போடுங்கள்.