கல் சுறுமா ‘இயற்கை’ என்றால் நஞ்சில்லையா?

கண்ணுக்குப் பூசும் கறுப்புப் பொடியான சுறுமா பற்றித் திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘கல்லை அரைத்த சுறுமா இயற்கையானது, நஞ்சே இல்லை, பச்சைப்பிள்ளைக்கும் பூசலாம்.’ தவறு.

இயற்கை என்பது சரிதான். ஆனால் அந்தக் கல் பெரும்பாலும் கலீனா, அதாவது ஈயச் சல்பைட்டு. சிமிழைத் திறந்தால் கருகருவென்று மினுங்கும், அழகில் குறையில்லை. பிள்ளை கண்ணைக் கசக்கிய விரலை அப்படியே வாயில் வைக்கும், ஈயம் உள்ளே போக அது போதும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று தெரிந்த எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களில் சுறுமாவை நிறமூட்டியாகச் சேர்க்கவே அனுமதியில்லை.

அம்மம்மா ஆமணக்கெண்ணெய் விளக்கில் பிடிக்கும் மை வேறு. ஆனாலும் புகைக்கரி கிருமி நீக்கியதல்ல. குழந்தையின் கண்ணுக்கு அதுவும் வேண்டாம்.

கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியல் இல்லையா? ‘ஹெர்பல்’ என்று எழுதியிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.