ஏழைக்குன்னு தனியா ஒரு இணையமா?

"இணையத்துல அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது, எல்லாத்தையும் சந்தை பாத்துக்கும்"னு நண்பர் ஒருத்தர் போட்ட பதிவுக்கு ஏகப்பட்ட லைக். அவர் அண்ணா நகர்க்காரர். அவருடைய அப்பார்ட்மென்ட்டில் நாலு கம்பெனி ஃபைபர் வருகிறது. ஒன்று படுத்தால் இன்னொன்று. அவரைச் சந்தை பார்த்துக்கொள்ளும்தான். வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்துக்கு ஒரே ஒயர்.

2015 டிசம்பரைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்து, வியாசர்பாடிப் பக்கம் ஜனங்கள் மெத்தையையும் சர்ட்டிபிகேட்டையும் வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்த மாதம். அதே மாதம் 9-ம் தேதிதான், வெப்சைட்டுக்கு வெப்சைட் டேட்டா விலையை மாற்றி வாங்கலாமா என்று டிராய் (டெலிகாம் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஃபேஸ்புக் அப்போது ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. ஃபேஸ்புக்கின் நிபந்தனைகளுக்கு ஒத்துவந்து அதில் சேர்ந்த சில தளங்கள் மட்டும் இலவசம், மற்றதற்கெல்லாம் காசு. ஏழைகள் நன்மைக்காகவாம். நம் ஸ்கிரீனிலேயே பட்டனைக் காட்டி, அதை ஆதரித்து டிராய்க்கு மெயில் அனுப்பச் சொன்னார்கள். (இதையும் ஃபேஸ்புக்கில்தான் எழுதுகிறேன். வேறு எங்கே எழுதினால் நீங்கள் படிப்பீர்கள்?)

அவர்கள் சொன்ன அந்த ஏழை நாங்கள்தான். ரேஷனில் அரிசி போடுகிறவர், "இதில் இட்லி மட்டும்தான் சுடணும், சோறு வடிக்கக் கூடாது" என்றால் வாங்கிக்கொண்டு வருவோமா? காசிமேட்டில் என் சித்தப்பா விசைப்படகு எடுப்பதற்கு முன்னால் காற்று பார்ப்பது எவனோ வெளிநாட்டுக்காரன் செய்த ஆப்பில். எம்.சி. ரோட்டில் நைட்டி வியாபாரம் பண்ணுகிற அக்கா ஆர்டர் எடுப்பது வாட்ஸ்அப்பில். எதிர்வீட்டுப் பையன் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பது, ஊர்பேர் தெரியாத ஒரு வாத்தியாரின் யூடியூப் சேனலில். யாருக்கு எது தேவைப்படும் என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிற கம்பெனியால் முன்கூட்டியே பட்டியல் போட முடியாது.

2016 பிப்ரவரி 8 அன்று, இப்படித் தளத்துக்குத் தளம் விலை மாற்றி வாங்குவதை டிராய் தடை செய்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு விலை வைத்தால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். பெரிய கம்பெனிக்கு இது டீச்செலவுதான், இருந்தாலும் விதி விதிதானே. 2018-ல், எந்தத் தளத்திடமும் பாரபட்சம் காட்டக் கூடாது என்பது (இதைத்தான் 'நெட் நியூட்ராலிட்டி' என்கிறார்கள்) டெலிகாம் கம்பெனிகளின் லைசென்ஸ் நிபந்தனையாகவே சேர்ந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி விதியை 2015-ல் கொண்டுவந்து, 2017-ல் தூக்கி, 2024-ல் திரும்பக் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் கோர்ட் ரத்து செய்துவிட்டது.

ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்தினால் ஏழைகள் இணையத்துக்கே வர மாட்டார்கள் என்று அழுதார்களே, என்ன ஆச்சு? ஏழே மாதத்தில், 2016 செப்டம்பரில், ஜியோ வந்தது. அவர்களும் இலவசமாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் முழு இணையத்தையும் கொடுத்தார்கள். எங்கள் தெருவே ஆன்லைனுக்கு வந்தது அதற்கப்புறம்தான். இதைச் சந்தையின் வெற்றி என்று சொல்பவர்கள், 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா என்று மூன்று கம்பெனியும் ஒன்றன்பின் ஒன்றாக ரீசார்ஜ் விலையை ஏற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது புதுசாக ஒரு பாட்டு. வீடியோ தளங்களால்தான் நெட்வொர்க்கில் சுமை ஏறுகிறது, அதனால் அந்தத் தளங்கள் தங்களுக்குப் பங்கு தரணும் என்று டெலிகாம் கம்பெனிகள் கேட்கின்றன. நான் காசு கட்டி வாங்கிய டேட்டாவில்தானே அந்த வீடியோவைப் பார்க்கிறேன்? அதற்கு எத்தனை பேரிடம் வசூல்? கூகுள் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்த ஊர்பேர் தெரியாத வாத்தியார் நாளைக்குச் சொந்தமாக ஒரு தளம் தொடங்கினால் அவர் எங்கே போவார்? இதற்கு டிராய் தலையாட்டக் கூடாது.

அரசாங்கத்தை நான் முழுசாக நம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம், தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று மூன்று மாவட்டத்தில் இணையத்தையே நிறுத்தியது மாநில அரசாங்கம்தான். கம்பெனி ஒரு தளத்தை மறைத்தால் குற்றம், அரசு மொத்தத்தையும் நிறுத்தினால் சட்டம் ஒழுங்கு. அதற்கும் கடிவாளம் வேணும். அதைக் காட்டி கம்பெனிக்காரனை அவிழ்த்துவிடச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

என் உண்மையான ஆதங்கம் வேறு. இத்தனை விதியும் ஒயருக்குள்ளே என்ன ஓடுகிறது என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. ஒயர் யாருடையது, சந்துக்குள் இன்னொருத்தன் இழுக்க முடியுமா என்பது எங்களுக்கு எந்த விதியிலும் தீரவில்லை. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள்கள் பல சென்னைக் கரையில்தான் ஏறுகின்றன. அந்தமானுக்கு 2020-ல் போட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளும் இங்கிருந்துதான் போகிறது. ஆனால் எங்கள் சந்தில் மழை பெய்தால் நெட் சுத்த ஆரம்பித்துவிடும். வேறு கம்பெனிக்குப் போன் போட்டால் "உங்க ஏரியா ஃபீசிபிள் இல்ல சார்" என்கிறார்கள். இருக்கிறவரிடம் கேட்டால், "போஸ்ட்ல ஏற ஆள் இல்லண்ணா, நாளைக்குப் பாக்கலாம்." 2023-லிருந்து நொடிக்கு 2 மெகாபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்பதுதான் விதி (அதற்கு முன்னால் 512 கிலோபிட்). அதனால் கணக்குப்படி நாங்களும் பிராட்பேண்டில்தான் இருக்கிறோம்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். தனிநபர் புகாரை டிராய் எடுத்துக்கொள்ளாது. முதலில் கம்பெனியின் புகார் மையம். அங்கே தீரவில்லை என்றால் மேல்முறையீடு, அதுவும் அதே கம்பெனி அமைத்த அதிகாரியிடம். என்றாலும் போன் பண்ணும்போது புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். அது கையில் இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குப் போகவே முடியாது. எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு எண் உண்டு என்பதே தெரியாது, கேபிள்காரருக்குப் போன் போடுவதோடு சரி.